நீக்கப்பட்ட ஒரு நேர்காணல்

எங்கள் சந்தை ஆய்வுக்காகத் தொலைபேசியில் ஓர் அம்மாவிடம் நான் எடுத்து, பின்னர் கணக்கிலிருந்து நீக்கப்பட்ட அந்த நேர்காணலில் குறை எதுவும் இல்லை. எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இருந்தது, பதில்கள் ஒன்றோடொன்று முரண்படவில்லை, பேசியவர் அவசரப்படவும் இல்லை. அது தமிழில் நடந்தது என்பதொன்றே அதை நீக்கியதற்குக் காரணம். அந்தக் காரணம் சரியானது என்றுதான் அன்றும் ஏற்றேன், பெரும்பாலான நாட்களில் இன்றும் ஏற்கிறேன். ஆனாலும் அந்த அம்மாவுக்கு நான் சொன்ன ஒரு பதில் மனத்தை விட்டு அகலவில்லை.

சுவிட்சர்லாந்து முழுவதற்குமான ஓர் ஆய்வு என்றால் வினாப்பட்டியல் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் என்ற மூன்று மொழிகளில் ஆயத்தமாகும். வேறு மொழிதான் தெரியும் என்று ஒருவர் சொன்னால், நேர்காணல் எடுப்பவர் ‘மொழித் தடை’ என்ற குறியீட்டை அழுத்திவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார். அன்று மாலை நான் மேற்பார்வையாளராக இருந்து அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கிழக்கு சுவிட்சர்லாந்தில் ஒரு வீட்டில் தொலைபேசியை எடுத்த பெண், மகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்பதை அரைகுறை ஜெர்மனில் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் யாரிடமோ தமிழில் பேசுவது கேட்டது. தடைப்பட்ட நேர்காணலை மேற்பார்வையாளர் ஏற்றுத் தொடரலாம் என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. நான் ஏற்றேன். அந்த விதி எழுதப்பட்டபோது இப்படி ஒரு நிலை யாருடைய நினைவிலும் இருந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் மொழியில் பேசும் ஒருவரை ‘மொழித் தடை’ என்று பதிவதை அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

மளிகைக் கொள்முதல் பற்றிய ஆய்வு அது. மிக்ரோ, கோப், 2005இல் இங்கே வந்த அல்டி, 2009இல் வந்த லிடில், டென்னர் என்று கடைகளின் பட்டியல் இருந்தது, கடைசியில் ‘மற்றவை’. பாலும் தயிரும் பாணும் மிக்ரோவில் வாங்குவதாக அவர் சொன்னார். அரிசி, பருப்பு, மீன், கறிவேப்பிலை, முருங்கைக்காய் என்று அந்த வீட்டுச் சமையலின் பெரும்பகுதி தமிழ்க் கடையிலிருந்து வருகிறது. பணத்தில் பாதிக்கு மேல் போகும் இடம் எங்கள் படிவத்தில் ‘மற்றவை’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அடங்கியது.

எல்லை கடந்து ஜெர்மனியில் வாங்குவது பற்றிய பகுதியில்தான் அவர் அதிகம் பேசினார். 2025 ஜனவரி 1 முதல், வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய பொருட்களின் மதிப்பு ஒருவருக்கு 300 பிராங்கிலிருந்து 150 பிராங்காகக் குறைக்கப்பட்டிருந்தது. அதனால் மக்கள் எல்லையோர ஜெர்மன் நகரமான கொன்ஸ்டன்ஸ் போவது குறைந்ததா என்று அறிவதே, ஆய்வுக்குப் பணம் கொடுத்த எங்கள் வாடிக்கையாளரான மளிகை நிறுவனத்தின் முதன்மை நோக்கம். குறையவில்லை என்றார் அவர். முன்பு கணவர் மட்டும் போய்வருவாராம். இப்போது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நான்கு பேராகப் போகிறார்கள், ஏனெனில் வரம்பு தலைக்குத்தானே, இறைச்சிக்கும் தலைக்கு ஒரு கிலோதானே என்று விளக்கினார். போகும் தடவைகளை மட்டும் கேட்ட எங்கள் வினாப்பட்டியலில் காரில் எத்தனை பேர் என்ற கேள்வியே இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

முடிவில் அவர் கேட்டார்: “பிள்ளை, நான் சொன்னதெல்லாம் கணக்கில வருமோ?”

“ஓம் அம்மா, வரும்” என்றேன்.

மறுநாள் ஆய்வுப் பொறுப்பாளரிடம் நானே சொன்னேன். மறைக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவர் பிரெஞ்சு மொழிப் பகுதியைச் சேர்ந்தவர், அந்தப் பகுதியை ஒரு பின்னிணைப்பாக நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாதாடுபவர். 1992 டிசம்பர் 6 அன்று ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்வதை நாடு 50.3 விழுக்காட்டு வாக்குகளால் மறுத்தது. பிரெஞ்சு பேசும் மாநிலங்களோ சேரவேண்டும் என்றே வாக்களித்திருந்தன. ஒரே தேசிய எண்ணுக்குள் என்ன மறைந்துவிடும் என்பதற்கு அவர் எப்போதும் காட்டும் சான்று அது. சிறுபான்மையின் குரல் பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. அதே வாரம் எத்தனையோ அல்பேனியரும் போர்த்துக்கீசியரும் மொழித் தடை என்று விடப்பட்டிருக்கிறார்கள். நான் பணியில் இருந்த மாலையில் எண் விழுந்ததால் மட்டும் ஒரு தமிழர் உள்ளே வந்தால், அது தற்செயலால் கிடைத்த சலுகை. யாரிடம் கேட்பது என்பதைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதற்கும் தற்செயலாகச் சலுகை கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் எங்கள் தொழில் நிற்கிறது.

ஜெர்மன் பகுதியில் திரையில் இருப்பது எழுத்து ஜெர்மன், வாயில் வருவது பேச்சுவழக்கு, பேர்ன்காரர் ஒரு விதமாகவும் சூரிக்காரர் இன்னொரு விதமாகவும் கேட்கிறார்கள், அதை யாரும் தடுப்பதில்லையே என்று கேட்டேன். அங்கே ஐயம் எழுந்தால் இருவரும் ஒரே எழுத்து வடிவத்துக்குத் திரும்பலாம், உனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் அப்படி எது இருந்தது என்றார். எனக்கு மறுமொழி இருக்கவில்லை. நீக்குவதற்கு ஒப்புக்கொண்டேன்.

அந்த மறுமொழியைப் பிறகு பலமுறை தேடியிருக்கிறேன். இத்தாலியம் பேசும் திச்சினோ மாநிலத்தை நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்பதிலிருந்து அது தொடங்கும். ஏறத்தாழ 90 இலட்சம் மக்கள் வாழும் நாட்டில் அங்கே இருப்பவர்கள் சுமார் 3.5 இலட்சம். ஆயிரம் பேரிடம் கேட்டால் அவர்களுக்கு நாற்பது இடம்கூட முழுதாக வராது. நாற்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாதென்று இருநூறு பேரிடம் கேட்டு, தேசியக் கூட்டலில் ஒவ்வொருவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு எடையே கொடுக்கிறோம். கூடுதல் செலவை வாடிக்கையாளர்கள் முணுமுணுக்காமல் ஏற்கிறார்கள். மற்றொரு பக்கம், கூட்டரசுப் புள்ளிவிவர அலுவலகம் ஒருவர் மூன்று முதன்மை மொழிகள் வரை குறிப்பிட இடம் கொடுத்து எடுக்கும் கணக்கில், பிரெஞ்சைச் சொல்பவர்கள் ஏறக்குறைய 23 விழுக்காடு. தேசிய மொழி அல்லாத ஒன்றைச் சொல்பவர்களும் ஏறக்குறைய அதே அளவு.

இந்த ஒப்பீடு முழுவதும் நேர்மையானது அல்ல என்பதும் எனக்குத் தெரியும். அவர்களில் மிகப் பலர் ஒரு தேசிய மொழியும் பேசுவார்கள், எங்கள் கேள்விகளுக்கு அதிலேயே பதில் சொல்வார்கள். அந்த அம்மாவின் மகள் வீட்டில் இருந்திருந்தால் ஜெர்மனிலேயே நேர்காணல் முடிந்திருக்கும். ஆனால் அரிசி எங்கே வாங்குகிறோம், கோழிக்காக யார் யார் காரில் ஏறுகிறோம் என்று மகள் இவ்வளவு விரிவாகச் சொல்லியிருப்பாளா? எண்பதுகளில் அகதிகளாக வந்து, உணவகச் சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் உழைத்து, மொழி வகுப்புக்கு நேரம் கிடைக்காமலே வயதாகிவிட்டவர்களின் வாங்கும் பழக்கம் அவர்களுடைய பிள்ளைகளின் பழக்கம் அல்ல. அவர்கள் விடுபடும்போது அவர்களைப் போன்ற வேறொருவர் அந்த இடத்தை நிரப்புவதில்லை.

செய்ய முடியாததும் அல்ல. 2004இல் குடியேறியோரின் உடல்நலம் பற்றிக் கூட்டரசு நடத்திய கண்காணிப்பு ஆய்வில் இலங்கைத் தமிழரும் ஒரு தனிக் குழுவாகச் சேர்க்கப்பட்டார்கள். அரசு தன் கடமை என்று அதைச் செய்தது. மளிகை நிறுவனத்துக்கு அப்படி ஒரு கடமை இல்லை என்று ஒருவர் சொன்னால், மறுக்க என்னிடம் வலுவான வாதம் இல்லை.

‘வரும்’ என்று சொன்ன நேரத்தில் நான் அதை நம்பியே சொன்னேன், ஆகவே அது பொய் அல்ல. பின்னர் பொய்யாகியது என் ஒப்புதலால். அழைத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஆய்வுக்காகப் பெற்ற எண்ணை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது, பணி முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். அந்த விதியை நான் மதிக்கிறேன். அதன் பின்னால் ஒளிந்துகொண்டேனா என்று கேட்டால், ஒரு நாள் இல்லை என்றும் மறுநாள் ஆம் என்றும் தோன்றுகிறது.

அடுத்த சுற்றில் இரண்டு மாற்றங்களைக் கேட்டேன். காரில் எத்தனை பேர் என்ற கேள்வியைப் பொறுப்பாளர் உடனே சேர்த்தார், அது எங்கிருந்து வந்தது என்று அறிக்கையில் குறிப்பிட வழியில்லை. மொழித் தடை என்று விடும்போது எந்த மொழி என்பதையும் பதியவேண்டும் என்பது மற்றொன்று. அதை நேர்காணல் எடுப்பவர் காதால் ஊகிக்க முடியாது என்று தயங்கினார், அதுவும் நியாயமே. அது இன்னும் முடிவாகவில்லை. ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் நான் அதை மீண்டும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கிறேன்.