மனநல மருத்துவ சமூகப்பணியாளராகப் பதிவு பெற விரும்புவோருக்கு

நாகர்கோவிலில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பட்டம் கைக்கு வந்துவிட்டால் மனநல மருத்துவ சமூகப்பணியாளர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளலாம் என்றே நானும் என் வகுப்புத் தோழிகளும் நம்பியிருந்தோம். வேலை கேட்டுச் சென்ற ஒரு தனியார் ஆலோசனை மையத்திலும் அதையே சொன்னார்கள். சட்டத்தை நானே எடுத்து வாசித்த அன்றுதான் அது பிழை என்று தெரிந்தது. அதற்குள் ஒரு வருடம் போயிருந்தது. அந்த ஒரு வருடம் உங்களுக்காவது மிஞ்ச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 2-ஆம் பிரிவில் இப்பணியாளரை வரையறுக்கிறது. சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், அதன்மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் மனநல மருத்துவ சமூகப்பணியிலேயே பெற்றிருக்க வேண்டும். அப்படிப் படித்தவரைப் பதிவு செய்யும் பொறுப்பை 55-ஆம் பிரிவு மாநில மனநல ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு உண்டு என்பதால் நமக்கும் அங்கேதான் பதிவு என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பதிவு நமக்குரியது அன்று.

பதிவு வெறும் காகிதம் அல்ல என்பதை 89-ஆம் பிரிவை வாசித்தால் உணரலாம். தானாக முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவரை, அவரது நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவரும், அவருடன் இன்னொரு மனநலத் தொழிலரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒரே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். பதிவு பெற்ற நாமும் மனநலத் தொழிலர் என்பதால் அந்த இரண்டாமவராக இருக்க முடியும். ஒரு மனிதரின் சுதந்திரம் நம் கையெழுத்திலும் தங்கியிருக்கிறது என்பதால்தான் சட்டம் இத்தனை ஆண்டுப் பயிற்சியைக் கேட்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

இனி, இந்தப் படிப்பின் தேர்வு. கோட்பாட்டை மனப்பாடம் செய்வதைவிடக் களக்குறிப்பேட்டோடு சேர்த்துப் படிப்பதே எனக்குக் கைகொடுத்தது. ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் மாத்திரையை அடிக்கடி நிறுத்திவிடுவதாக மருத்துவமனைக் குறிப்பில் இருந்தது. நோயை ஏற்க மறுக்கிறார் என்றே நானும் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி, "மோளே, ராத்திரி மாத்திரை போட்டா வெளுப்பாங்காலம் எழும்ப முடியல்லே, வெட்டு போச்சுன்னா கூலியும் போச்சு" என்றார். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். மருத்துவரிடம் இதைச் சொன்னதும், இரவு பத்து மணி மாத்திரையை மாலை ஏழு மணிக்கு மாற்றிக் கொடுத்தார். மறுமாதம் மாத்திரை அட்டை முழுவதும் காலியாகியிருந்தது.

சமூகப்பணி அறிஞர் பெர்ல்மன் சொன்ன நான்கு கூறுகளான நபர், சிக்கல், இடம், செயல்முறை ஆகியவை எனக்கு அந்த வீட்டுத் திண்ணையில்தான் விளங்கின. 'இடம்' என்பது நோயாளியின் ஊரோ வீடோ அன்று, அவர் உதவி கேட்டு வந்து நிற்கும் நிறுவனம். மருந்து நேரத்தை மாற்ற இடம்கொடுத்த மருத்துவமனைதான் இங்கே அந்த இடம். தேர்வில் பலர் மதிப்பெண்ணை இழப்பது இந்தச் சொல்லில்தான். உதவி கேட்டு வருபவரோடு நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிய பீஸ்டெக்கின் ஏழு நெறிகளையும் இவ்வாறே ஒரு முகத்தோடு சேர்த்து வையுங்கள். பால்வெட்டை விட்டுவிடும்படி உறவினர் வற்புறுத்தியபோதும் தொழிலைத் தொடர்வேன் என்று அவர் சொன்னதையே, அவற்றில் ஒன்றான தன்னுரிமை முடிவு, அதாவது தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை பற்றிய வாய்மொழித் தேர்வுக் கேள்விக்கு விடையாகச் சொன்னேன். பெயரையும் ஊரையும் மறைத்தே சொல்ல வேண்டும். அதுவும் அந்த ஏழில் ஒன்று.

இப்போது சேர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது. பின்னர் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் நமது துறைக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. ஆகவே பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி, தேஜ்பூர் என எந்த ஊர் மனநல நிறுவனமானாலும், அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பட்டத்தின் பெயர் என்ன, அதைக் கொண்டு மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய முடியுமா என்பதை எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டணம் செலுத்துங்கள். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம் கிளினிக்கல், மனநல, மருத்துவ சமூகப்பணியாளர்களைத் தன் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதால், அந்த ஆணையத்தின் அறிவிப்புகளையும் தொடர்ந்து பார்த்து வாருங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் எம்.ஃபில். வரை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, தலைப்பெழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்தும் இன்னொன்றில் வீட்டுப் பெயரும் இருந்தன. அதைச் சரிசெய்யவே பல வாரங்கள் அலைந்தேன்.