லேடீஸ் சீட்டும் டேக் ஷார்ப்பும்

போட்டோ எடுக்கும் நண்பர்களிடம் ஒரு படத்தைக் காட்டினால் இப்போதெல்லாம் கிடைக்கும் பெரிய பாராட்டு ‘டேக் ஷார்ப்’, அதாவது படம் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பது. எனக்கும் அது பிடிக்கும், அதனாலேயே கண்ட படத்துக்கெல்லாம் கொடுக்க மனசு வருவதில்லை. திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கினாலும், ஃபோகஸ் வைத்த இடத்தில் இலை நரம்பு குழையாமல் நிற்க வேண்டும். அதுதான் என் கணக்கு.

ஏற்காடு மலையின் லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டில் நின்று கீழே சேலத்தை, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் டெலி லென்ஸில் எடுத்துவிட்டு, மங்கலாக இருக்கிறதே, லென்ஸை மாற்றணுமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். மலைக்கும் ஊருக்கும் நடுவில் பல கிலோமீட்டர் காற்று கிடக்கிறது, அதிலுள்ள தூசியும் புகையும் ஈரமும் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, மதியமானால் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று கட்டிடங்களையே நெளிய வைக்கிறது, எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தூசி அடங்கியிருக்கும், அதே லென்ஸ் வேறு மாதிரி படம் கொடுக்கும்.

காப்பித் தோட்டத்துக்குள் பிரச்சினை வேறு. சில்வர் ஓக் மர நிழலில் வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாகிவிடும், கை ஆடிவிடும். 200 மி.மீ. லென்ஸ் என்றால் 1/200 நொடியை விட மெதுவாகக் கையில் பிடித்து எடுக்கக் கூடாது என்பது பழைய கணக்கு. மெகாபிக்சல் அதிகமுள்ள கேமராவில் நான் 1/400 வைப்பேன். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறன் அளவு, ஏறினால் ஏறட்டும். அதனால் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) விழுந்த படத்தைத் தேற்றிவிடலாம், ஆடிப்போன படத்தைத் தேற்ற முடியாது.

அப்புறம், எல்லாமே தெளிவாக வரணும் என்று அபர்ச்சரை, அதாவது லென்ஸின் வெளிச்சத் துளையை, எஃப் 22 வரை சுருக்குகிறவர்கள் (எஃப் எண் ஏற ஏறத் துளை சின்னதாகும்). அவ்வளவு சின்னத் துளையில் நுழையும் வெளிச்சம் விரிந்து மொத்தப் படத்தின் கூர்மையையும் குறைத்துவிடும், எஃப் 8 பக்கமே நில்லுங்கள். 1932-இல் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் தங்கள் குழுவுக்கே எஃப் 64 என்று பெயர் வைத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது பெரிய ஃபிலிம் கேமராக்களின் கணக்கு, நம் சின்ன சென்சாருக்கு ஒத்துவராது.

ஏற்காட்டிலேயே பகோடா பாயின்ட்டில் மூடுபனிக்குள் எடுத்த படத்தில், எடிட் செய்யும்போது கூர்மையைக் கூட்டும் ஷார்ப்னெஸ் ஸ்லைடரை இழுத்து, மரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரவைப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பனிக்குள் மரம் மங்கலாகத்தானே தெரியும்? பக்கத்தில் இருக்கும் ஒரு கிளையில் சரியாக ஃபோகஸ் வையுங்கள், போதும். பின்னால் தெரிவதை ஸ்லைடரால் தோண்டி எடுக்க வேண்டாம்.