வீட்டு வரியும் தெருமுனைக் கால்வாயும்: ஒரு பினாங்குக் குறிப்பேடு

14 ஜூலை 2024, ஞாயிறு

இரண்டாம் அரையாண்டுக்கான வீட்டு வரிச் சீட்டு வந்திருக்கிறது. ஆகஸ்ட் மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். நகராண்மைக் கழகமொன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், அக்கம்பக்கத்தார் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவது வழக்கம். வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை வரியாக வாங்குகிறார்கள் என்று இன்றும் இருவருக்கு விளக்கினேன். மாதம் 500 ரிங்கிட் வாடகை என்றால் ஆண்டு மதிப்பு 6,000; வரி 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 480; அதில் பாதி இந்தச் சீட்டில் இருக்கும். அந்த விழுக்காடு 35ஐத் தாண்டக் கூடாது என்பது 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு.

கேட்டுக்கொண்டிருந்த முதியவர், "கட்டுறது சரி தம்பி, நம்ம லோங்காங் மூடி உடைஞ்சு எட்டு மாசம் ஆச்சே, அதுக்கு இதுல காசு இல்லையா?" என்றார். லோங்காங் என்று அவர் சொன்னது தெருவோரக் கால்வாயை. சென்ற வாரம் அவருடைய மனைவி அந்த இடத்தில்தான் கால் இடறி விழுந்தார். அவர் கேட்டதற்கு ஒழுங்கான விடை தேடித் தர வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்புகளைத் தொடங்குகிறேன்.

21 ஜூலை, ஞாயிறு

காலையில் குடியிருப்போர் சங்கத்தின் பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று நடந்தேன். பணம் கேட்பதற்கு முன், அது யாருடைய கணக்கில் சேரும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுக்குமாடி வளாகத்தின் வேலிக்கு உள்ளே ஓடும் கால்வாய் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி அங்கு வீடு வைத்திருப்பவர்களின் பொதுச் சொத்தாகும். அதை அவர்கள் மாதந்தோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் பழுதுபார்க்க வேண்டும். ஆற்றில் சேரும் பெரிய வாய்க்கால் வடிகால் நீர்ப்பாசனத் துறையைச் சேர்ந்தது. கழிவுநீர்க் குழாய் இண்டா வாட்டர் என்ற கழிவுநீர் நிறுவனத்துடையது. சாலையோரத்துச் சிறு கால்வாய் மட்டுமே மாநகர் மன்றத்தின் பொறுப்பு. மூடி உடைந்த இடம் வேலிக்கு வெளியே மூன்றடி தள்ளியிருக்கிறது. எட்டு மாதங்களாக வளாக நிர்வாகத்திடமே முறையிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

சங்கக் கூட்டம். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு நம் வட்டாரத்திலிருந்து என்ன கேட்பது என்பதுதான் பொருள். தலைவர் தெரு முகப்பில் விளக்குகளோடு ஒரு நுழைவாயில் வேண்டும் என்றார். நான் கால்வாய் என்றேன். ஆண்கள் நான்கு பேர் ஒரு மணி நேரம் பேசினோம். சுவரோரம் அமர்ந்திருந்த பெண்கள் அதுவரை வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் ஜாலான் சுங்கை அடுக்குமாடியில் 2012இல் தொடங்கிய முயற்சி நினைவுக்கு வந்தது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் ஊராட்சி மன்றங்களோடு சேர்ந்து, குடியிருப்பாளர்களையே தேவைகளைச் சொல்லவைத்து, எதற்குப் பணம் போக வேண்டும் என்று அவர்களையே வாக்களிக்கவும் வைத்தது. அதைப் பின்பற்றி, ஆளுக்குப் பத்துத் துண்டுச் சீட்டுகள் கொடுத்து, ஒவ்வொன்றையும் நூறு ரிங்கிட்டாக எண்ணி, மேசையிலிருந்த டப்பாக்களில் போடச் சொன்னோம். டப்பாக்கள் மூன்றுதான் இருந்தன: நுழைவாயில், கால்வாய், விளையாட்டுத் திடல்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளம்பெண் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அங்கிள், நான் போட நினைக்கிறதுக்கு இங்க டப்பாவே இல்ல," என்றார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆலைப் பேருந்துக்காகக் காத்திருக்கும் முனையில் விளக்கு இல்லை. ஆறேழு பெண்கள் கைப்பேசி வெளிச்சத்தில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இத்தனை ஆண்டுகளில் அந்த இருட்டு என் கண்ணில் படவேயில்லை என்பது எனக்கு வேதனையாக இருந்தது. நான்காவது டப்பா வைத்தோம். விளக்கு முதலிலும், கால்வாய் மிக நெருங்கி இரண்டாவதாகவும் வந்தன. நுழைவாயில் டப்பாவில் பதினொரு சீட்டுகள் கிடந்தன.

6 ஆகஸ்ட், செவ்வாய்

மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதி முடித்தேன். விளக்கையும் கால்வாயையும் ஒரே கோரிக்கையாக எழுதினால் இரண்டும் கிடப்பில் போகும் என்பதால் தனித்தனியாகவே எழுதினேன். அரசாங்கக் கணக்கு முறையில் 10000 வரிசை சம்பளத்துக்கும் படிகளுக்கும் உரியது. 20000 வரிசை சேவைகளுக்கும் பொருள்களுக்கும். 30000 வரிசை சொத்துகளுக்கு. கால்வாய் மூடியை மாற்றுவது பழுதுபார்ப்பு, ஆகவே 28000ஆம் வோட்டில், அதாவது அந்த எண்ணுள்ள செலவுத் தலைப்பில், அடங்கும். புதுக் கம்பம் நட்டு விளக்குப் போடுவது அப்படியன்று. அதற்கு இடம் அளக்க வேண்டும், மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று பார்க்க வேண்டும்.

உண்மையில் இந்தக் கடிதம் தாமதமானது. நான் வேலையிலிருந்த காலத்தில் துறைகள் தங்கள் கேட்புகளை ஆண்டின் முற்பகுதியிலேயே கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடும். ஆகஸ்டில் வரும் கடிதத்துக்குப் பழுதுபார்ப்பு வோட்டின் மிச்சத்தில்தான் இடம் கிடைக்கும்.

30 ஆகஸ்ட், வெள்ளி

வரி கட்டினேன். ரசீதைக் கோப்பில் வைத்தேன்.

19 செப்டம்பர், வியாழன்

மன்றத்தின் முழுக்கூட்டத்தைப் பார்க்கச் சென்றேன். மன்றம் தீர்மானம் போட்டு மறுத்தாலொழிய, கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. பொதுமக்கள் வரிசையில் என்னைத் தவிர இருவர்தான் இருந்தார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஜார்ஜ்டவுனின் பழைய நாள்களை எண்ணிக்கொண்டேன். 1951இலேயே இந்நகர மக்கள் தங்கள் மன்ற உறுப்பினர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தோனேசியாவுடனான மோதலின்போது, 1965இல், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் நடக்க வேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை அறவே நீக்கி, உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பினாங்கு 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாக்குச் சீட்டு இருந்திருந்தால், அந்த முதியவர் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியதில்லை. உறுப்பினர் அவர் வீட்டுக்கு வந்திருப்பார். இதை நான் கோபத்தில் எழுதவில்லை, நெடுநாள் எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன்.

5 நவம்பர், செவ்வாய்

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் வந்த பெருவெள்ளத்துக்கு ஏழாண்டுகள் ஆகின்றன. அன்றிரவு எங்கள் தரைத்தளத்து வீடுகளில் முழங்காலளவு நீர் நின்றது. அப்படியொரு மழையைச் சிறு கால்வாய் தாங்கியிருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் தூர் வாராத கால்வாய் சாதாரண மழைக்கே நிரம்பிவிடுகிறது. தூர் வாருவதற்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது. ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய அந்தச் செலவை, பற்றாக்குறை வந்ததும் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பதை நான் பலமுறை கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தத் தாள்களில் சிலவற்றைத் தட்டெழுதியவனும் நானே.

பினாங்கு மன்றங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வடக்கு மாநிலங்களான கெடாவும் பெர்லிசும் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்று குப்பை அகற்றும் பொறுப்பைக் கூட்டரசிடம் விட்டன, பினாங்கு ஏற்கவில்லை. அதனால் குப்பையை வாரிப் பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்கில் கொட்டுவது வரையிலான செலவை மன்றங்களே சுமக்கின்றன. நம் வேலையை நாமே செய்யும்போது தெருவை யார் கூட்டுகிறார் என்று நமக்குத் தெரியும் என்பதால், நான் அந்த முடிவை ஆதரிக்கிறேன். ஆனால் குப்பையை ஒரு நாளும் தள்ளிவைக்க முடியாது. கால்வாயைத் தள்ளிவைக்க முடியும். சுருங்குவது எந்த வோட் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

17 டிசம்பர், செவ்வாய்

பதில் வந்தது. கால்வாய் மூடிகள் ஏழும் அடுத்த ஆண்டு முதல் காலாண்டில் பழுதுபார்ப்புச் செலவில் மாற்றப்படும். விளக்குக்கு "இடத்தாய்வு செய்யப்படும்" என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. சங்கத் தலைவர் நுழைவாயிலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் தாமே ஒட்டினார். எனக்கு அவர் மீதிருந்த மனத்தாங்கல் அதோடு தீர்ந்தது.

13 பிப்ரவரி 2025, வியாழன்

தைப்பூசம் முடிந்து இரண்டு நாள். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உடைந்த தேங்காய்களை அள்ளிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர்களைப் பார்த்தேன். நம் நேர்த்திக்கடனின் ஒரு பகுதியை அவர்கள்தான் முதுகில் சுமக்கிறார்கள்.

இவ்வாண்டின் முதல் தவணை வரி 28ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கால்வாயில் ஐந்து புது மூடிகள் போடப்பட்டுவிட்டன. முதியவரின் மனைவி நேற்று மாலை அவற்றின் மேல் நடந்து கடைக்குப் போனார். மீதி இரண்டைப் பற்றி நாளை தொலைபேசியில் கேட்பேன். இன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பேருந்து முனைக்கும் போனேன். கைப்பேசி வெளிச்சத்தில் அந்தப் பெண் தரையைக் காட்டினார். கால்வாயோரத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் ஓர் எண் எழுதியிருந்தார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். 2026ஆம் ஆண்டுக்கான விளக்குக் கடிதத்தில் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். கடிதம் மார்ச் முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும்.