டெங்கு டெஸ்ட் பத்தி வைவால கேட்டா மொதல்ல காய்ச்சல் எத்தனாவது நாள்னு பாருங்க

மைக்ரோபயாலஜி வைவாக்கு (வாய்மொழித் தேர்வு) போறவங்களுக்காக எழுதுறேன். நான் பிசிஆர் (வைரஸோட மரபணுவத் தேடுறது), எலைசா (ஆன்டிபாடியையோ ஆன்டிஜனையோ நிறம் மாறறத வச்சுப் பாக்கறது), கல்ச்சர் (வைரஸ வளத்துப் பாக்கறது)னு கட்டம் போட்டு செலவு எவ்ளோ, நேரம் எவ்ளோன்னு மனப்பாடம் பண்ணிட்டு போனேன், உள்ள போனதும் மொத கேள்வியே "காய்ச்சல் வந்து ரெண்டு நாள், டெங்கு ஐஜிஎம் நெகட்டிவ், டெங்கு இல்லன்னு ரிப்போர்ட் குடுப்பியா?" குடுப்பேன் மேடம்னு சொல்லிட்டேன். அவங்க திட்டல, "அந்தப் புள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டியேம்மா"ன்னாங்க, அது இன்னும் மனசுல நிக்குது.

ஐஜிஎம் வைரஸ எதிர்த்து நம்ம உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடி, அது தெரிய வரவே கிட்டத்தட்ட 5 நாள் ஆகும். அதுக்கு முன்னாடி ரத்தத்துல இருக்கறது வைரஸும் அதோட என்எஸ்1 ஆன்டிஜனும்தான் (வைரஸோட ஒரு புரதம்), அதனால அந்த ரெண்டாம் நாள் சாம்பிளுக்கு என்எஸ்1 எலைசா இல்லன்னா ஆர்டி-பிசிஆர் போடணும், டெங்கு வைரஸோட 4 செரோடைப்ல (வகைல) எதுன்னு பிசிஆர்லதான் தெரியும். ஐஜிஎம் ரெண்டு மூணு மாசம் கூட ரத்தத்துல இருக்கும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு வந்த ஆன்டிபாடியும் பாசிட்டிவ் காட்டற க்ராஸ் ரியாக்‌ஷனும் உண்டு, அதனால பாசிட்டிவ்னாலும் இப்போதைய காய்ச்சல் இதுதான்னு அடிச்சு சொல்லாதீங்க. ரெண்டாவது தடவை டெங்கு வர்றவங்களுக்கு ஐஜிஜி (இன்னொரு வகை ஆன்டிபாடி) சீக்கிரமே ஏறிடும், இத நிறைய பேர் சொல்லாம விட்டுடறாங்க.

கல்ச்சர் கேட்டா சி6/36 கொசு செல் லைன் (லேப்ல வளக்கற கொசு செல்)னு சொல்லுங்க, நாள் கணக்குல ஆகும், போதும். ராபிட் கார்டு அரை மணிக்குள்ள வந்துடும், ஆனா உறுதிப்படுத்த எலைசாதான்.

மேக் எலைசா (ஐஜிஎம் பாக்கற எலைசா) மட்டும் கையால போட்டுப் பாத்துட்டு போங்க. பிளேட்டோட குழி அடியில மனுஷ ஐஜிஎம்மைப் புடிக்கற ஆன்டிபாடி ஒட்டியிருக்கும், கடைசில டிஎம்பி (நிறம் தர்ற கெமிக்கல்) விட்டா பாசிட்டிவ் குழி நீலம், ஸ்டாப் சொல்யூஷன் விட்டதும் மஞ்சள், 450 நானோமீட்டர்ல ரீடிங். ஒரு தடவை நான் வாஷ் பண்ணிட்டு டிஷ்யூல சரியா தட்டல, நெகட்டிவ் கன்ட்ரோல் (டெங்கு இல்லன்னு தெரிஞ்ச சாம்பிள்) குழியே மஞ்சளாயிடுச்சு. அப்படி ஆனா மொத்த பிளேட்டும் செல்லாது, மறுபடி போடணும், பேஷண்ட் ரீடிங்க மட்டும் எடுத்து எழுதவே கூடாது.

வைவால நாள் சொல்லாம கேஸ் குடுத்தா தயங்காம "காய்ச்சல் எத்தனாவது நாள் மேடம்?"னு கேளுங்க, அஞ்சாறு நாள்னு சொன்னா என்எஸ்1, ஐஜிஎம் ரெண்டும் சேத்து போடுவேன்னு சொல்லுங்க.