மூன்றாவது பலகைக்கு முன் ஒரு காகிதம்

வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவிக்காக நான் வரைந்த சர்க்யூட் போர்டு இந்த வாரம் மூன்றாம் முறையாக வந்து சேர்ந்தது. முதல் பலகை வீணானதற்கு ஒரே காரணம், கம்பியைத் திருகிப் பிடிக்கும் திருகு முனையம். என்னிடம் இருந்ததன் கால் இடைவெளி 5.08 மி.மீ.; பலகையை வரைய உதவும் கிகேட் மென்பொருளின் பட்டியலில் நான் தேர்ந்தெடுத்த வடிவமோ 3.5 மி.மீ. துளைக்குள் கால் நுழையவே இல்லை.

இரண்டாவதில் டிரான்சிஸ்டர். தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துக் கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547 என்ற வகைக்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 என்ற வகைக்கு அதே வரிசை தலைகீழ். ஒன்றுக்கு வரைந்துவிட்டு மற்றொன்றைப் பொருத்தியிருந்தேன். பேஸ் நடுவில் இருப்பதால் கழற்றித் திருப்பிப் போட்டதும் வேலை செய்தது. ஆனால் வெப்பநிலை அளவு மட்டும் நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. அடிப்பக்கம் முழுவதும் கிரவுண்டுக்கான, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்வதற்கான, செம்புப் பரப்பு; அதன் குறுக்கே ஒரு நீண்ட பாதையை ஓட்டி, பரப்பை இரண்டாகப் பிளந்திருந்தேன். போதாததற்கு, சிப்புக்கு வரும் மின்சாரத்தைச் சீராக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் சிப்பிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி இருந்தது. இப்போது அந்தப் பாதை மேலடுக்குக்குப் போய்விட்டது. கெப்பாசிட்டர் சிப்புக்கு மின்சாரம் நுழையும் காலை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது.

செலவு பலகையின் விலையில் இல்லை, மறுபடி மறுபடி அனுப்பச் சொல்வதில்தான் இருக்கிறது. அதனால் இம்முறை கோப்புகளை அனுப்புமுன் வரைபடத்தைக் காகிதத்தில் அசல் அளவில் அச்சிட்டேன். அச்சு அமைப்பில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை நீக்கி, 100 சதவீதம் என்று வைக்க வேண்டும். பிறகு பலகையின் ஓரத்தை அளவுகோலால் அளந்து பார்த்தேன். காகிதத்தைத் தெர்மோகோலில் ஒட்டி, ஒவ்வொரு பாகத்தின் காலையும் அதனதன் புள்ளியில் குத்தி நிறுத்தினேன். எல்லாம் நின்றன. ஆனால் பெரிய கெப்பாசிட்டரின் வயிறு மூலைத் திருகின் தலையில் இடித்தது! திரையில் அது கண்ணில் படவே இல்லை. நான்கு மி.மீ. நகர்த்தினேன்.

பல தயாரிப்பாளர்களிடம் 100 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கும் இரண்டடுக்குப் பலகைதான் மிக மலிவு. அந்த எல்லைக்குள் இருக்கும்போது பாகங்களை நெருக்கி அடைப்பதில் பெரிய மிச்சம் இல்லை. கைக்கு இடம் விட்டு வரைவதே நல்லது. கையால் பற்றவைக்க 0805 அளவுப் பாகங்கள் (சுமார் 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம்) எனக்குச் சுகமாக இருக்கின்றன. சிக்னல் பாதைகளுக்கு 0.25 மி.மீ., மின்சாரம் செல்லும் பாதைகளுக்கு 1 மி.மீ. அகலம் வைத்தேன். முடிந்த இடமெல்லாம் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையே போட்டதால் ரெசிஸ்டர்கள் வரிசையாக வரும் பட்டை ஒன்றே போதுமானதாக இருந்தது.

இன்று காலை சிப்பைப் பொருத்தும் முன் மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். சோதனைப் புள்ளியில் மல்டிமீட்டர் 3.3 வோல்ட் காட்டியது. சென்சாரை நாளை பற்றவைக்கப் போகிறேன்.