பெரிய எண், சின்ன எண்

ஜூன் 3, செவ்வாய்

இரவு மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்தும் பாடம்; இரண்டு பக்கமும் ஒவ்வொரு வகை அணுவும் சம எண்ணிக்கையில் வர வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகும் வினை. இடப்பக்கம் ஹைட்ரஜன் அணு 2, ஆக்சிஜன் அணு 2. வலப்பக்கம் நீரில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1 மட்டுமே. குறையும் அந்த ஓர் அணுவுக்காக, நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்கு அடியில் ஒரு சின்ன 2 போட்டிருந்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது.

"அப்படிப் போடக் கூடாதும்மா" என்றேன்.

"ஏம்ப்பா? ரெண்டு பக்கமும் சமமாத்தானே இருக்கு?"

விதி அப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். படுத்த பிறகும் மனசு கேட்கவில்லை. நான் சொன்னது பதிலே இல்லை.

ஜூன் 4, புதன்

காலையில் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் எழுதியது நீரே அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. முடியை வெளுக்க வைக்கும் பொருள். வெளிச்சம் பட்டால் நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையும் என்பதால்தான் பழுப்பு நிறப் பாட்டிலில் வைக்கிறார்கள். ஒரே ஓர் அணு கூடியதும் குடிக்கும் நீர் குடிக்கக் கூடாத பொருளாகிவிட்டது.

அடியில் நிற்கும் சின்ன எண், பொருள் என்னவென்று சொல்கிறது. முன்னால் போடும் பெரிய எண், அதாவது கெழு, அந்தப் பொருள் எத்தனை என்று சொல்கிறது. நம் கைக்கு விட்டது கெழு மட்டும்தான். 2 ஹைட்ரஜன் மூலக்கூறு, 1 ஆக்சிஜன் மூலக்கூறு, 2 நீர் மூலக்கூறு. முடிந்தது.

இன்னொன்றும் சொன்னேன். அவள் எழுதிய சமன்பாடு பொய்யில்லை; அது வேறொரு வினையின் சமன்பாடு. ஆலைகளில் ஆந்த்ராகுவினோன் என்ற கரிமச் சேர்மத்தை இடையில் வைத்துப் பெராக்சைடு தயாரிக்கும்போது, இடைப்பட்ட படிகளைக் கழித்துப் பார்த்தால் நிகரமாக நடப்பது அதுதான். அவள் முகம் மலர்ந்தது.

ஜூன் 6, வெள்ளி

சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேன் எரிதல். ஒரு மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. முதலில் கார்பன்: 4 கார்பன் டை ஆக்சைடு. அடுத்து ஹைட்ரஜன்: 5 நீர். ஆக்சிஜனைக் கடைசியில்தான் தொட வேண்டும். அது தனியாக நிற்பதால் அதன் கெழுவை மாற்றினால் வேறு எந்தக் கணக்கும் கலையாது. வலப்பக்கம் கார்பன் டை ஆக்சைடில் 8, நீரில் 5, மொத்தம் 13 ஆக்சிஜன் அணு. அப்படியென்றால் ஆறரை மூலக்கூறு. அரை மூலக்கூறா என்று திகைத்தாள். எல்லாவற்றையும் இரட்டிக்கச் சொன்னேன்: 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர்.

அப்புறம் ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் அதன் மூலக்கூறு நிறையால் பெருக்கிக் கூட்டினோம். 2 × 58, 13 × 32, சேர்த்து 532. மறுபக்கம் 8 × 44, 10 × 18. அதுவும் 532! மூலக்கூறுகள் மட்டும் 15 போய் 18 ஆகியிருக்கின்றன. அணுக்கள்தான் குறையாது, கூடாது. அவை கூட்டணி மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்

நேரமில்லை. இரும்பு ஆக்சைடு ஒன்று மட்டும்: 4 இரும்பு, 3 ஆக்சிஜன், 2 ஆக்சைடு. உண்மையான துருவில் நீரும் சேர்ந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவைப் பற்றிச் சொன்னேன். மூடிய கண்ணாடிக் கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கி எடை பார்த்தார். மாறவில்லை. கலத்தைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்தது; அப்போதுதான் எடை கூடியது. தராசை இவ்வளவு பொறுமையாக நம்பிய மனிதரை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. 1789இல் வெளியான தம் நூலில், வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே என்று எழுதினார். 1794இல் கில்லட்டினில் கொல்லப்பட்டார். வயது 50. மகள் வெகுநேரம் பேசவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அணுக்களை எண்ணினால் மட்டும் போதாத ஒரு வினை. வெள்ளி நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பியை வைத்தால், கம்பிமேல் வெள்ளி ஊசி ஊசியாகப் படியும். கரைசல் மெல்ல நீலமாகும்.

இடப்பக்கம் ஒரு செம்பு, ஒரு வெள்ளி அயனி, அதாவது மின்சுமை ஏறிய வெள்ளி அணு. வலப்பக்கம் ஒரு செம்பு அயனி, ஒரு வெள்ளி. "சமமாயிடுச்சுப்பா" என்றாள். மின்சுமையைப் பார்க்கச் சொன்னேன். இடப்பக்கம் +1, வலப்பக்கம் +2. செம்பு 2 எலக்ட்ரானை விடுகிறது. ஒரு வெள்ளி அயனி ஒன்றைத்தான் வாங்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் வெள்ளிக்கு முன்னால் 2 போட்டாள்.

நாளைக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். மாங்கனீசு 5 எலக்ட்ரான் வாங்கும், குளோரைடு ஒன்றுக்கு 1 விடும். அங்கிருந்து தொடங்கினால் 16 அமில மூலக்கூறு வரை அவளே போய்விடுவாள்.