அணியில் இல்லாத பிள்ளைகள்

பாடசாலை நினைவு மலர்களில், விளையாட்டில் வென்ற கேடயங்களைப் பற்றி நிறையவே எழுதப்படுகிறது. எந்த அணியிலும் பெயர் வராத பெரும்பான்மை மாணவருக்கு எமது பாடசாலை செய்தவற்றைப் பதிவு செய்யவே இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

பாடவேளை தொடங்கியதும் எமது உடற்கல்வி ஆசிரியர் கேட்கும் முதற் கேள்வி, "காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் யார்?" என்பதுதான். கை உயர்த்தியவர்களை அவர் ஒருபோதும் வெட்கப்படுத்தியதில்லை. ஓட்டத்திலிருந்து விலக்கி, கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது என்று இலேசான வேலை கொடுத்துவிட்டு, வகுப்பாசிரியையிடம் தனியே ஒரு சொல் சொல்லிவைப்பார். இடைவேளைக்குள் அந்தப் பிள்ளைக்கு உண்ண ஏதாவது கிடைத்துவிடும். யார் கொடுத்தார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியவராது. பாடசாலை ஊட்டச்சத்துத் திட்டங்களைப் பற்றி இன்று எதைப் படித்தாலும், அந்த மறைவான கொடுப்பைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருப்பதை அவர் பயிற்சியாகவே மதிக்கவில்லை. மைதானத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு நால்வரும் ஒரு பந்துமாக விடுவார். குண்டான பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை என்று எவரும் ஓரமாக ஒதுங்கி நிற்க அங்கே இடமிராது. பரீட்சை நெருங்கும்போது பிற பாடங்களுக்கு இரவல் போகும் உடற்கல்விப் பாடவேளையை, ஆசிரியர் அறைக்கே சென்று, மரியாதை குறையாமல் திருப்பிக் கேட்டு வாங்குவார். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கமும், வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவரில் 81 சதவீதத்தினர் நாளொன்றுக்கு 60 நிமிடம் என்ற அளவை எட்டவில்லை. மாணவியரிடையே இது 85 சதவீதம். உடை மாற்ற மறைவான ஓர் அறை இல்லாத பாடசாலையில் மாணவியர் ஏன் விளையாட வருவதில்லை என்று வியப்பதில் பொருளில்லை.

சிற்றுண்டிச்சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இனிப்புப் பானங்களை அகற்றி, நறுக்கிய பழங்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் செய்தவர் எமது அதிபர். மாதவிடாய் தொடங்கிய பின் மாணவியருக்கு இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது என்பதையும், உணவோடு தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், உயிர்ச்சத்து சி உள்ள பழத்தைச் சேர்த்தால் கூடும் என்பதையும் உயிரியல் ஆசிரியை வகுப்பில் கற்பித்தார். அதோடு நில்லாமல், மதிய உணவு வேளையில் தேநீர் விற்பதையும் நிறுத்தச் செய்தார். பாடம் உடனே நடைமுறையானதால் எங்களுக்கு அது மறக்கவில்லை.

எமது பழைய மாணவர் சங்கம் பாடசாலைக்கு அனுப்பும் நிதி இன்றும் பெரும்பாலும் பரிசளிப்பு விழாவுக்கே போகிறது. வெல்பவர்களைப் பாராட்டுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வகுப்புக்குப் போதுமான பந்துகள், மைதானத்தோரம் குடிநீர்க் குழாய்கள், மாணவியருக்கு உடைமாற்றும் அறை, காலை உண்ணாமல் வருவோருக்கென வகுப்பாசிரியர் கையில் ஒரு சிறு நிதி ஆகிய நான்கும் ஆண்டுச் செலவில் முதலிடம் பெற வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய விரும்புவோர் செயலாளருக்கு முன்கூட்டியே அறியத்தாருங்கள்.